பை ஒழுகாமல் இருந்தால் பாதிக் கவலை போகும்

திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பிழைப்பவள் நான். மலக்குடலில் புற்றுநோய் வந்து, ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பெருங்குடலின் முனையை இடது அடிவயிற்றில் வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். இதற்குக் கொலாஸ்டமி என்று பெயர். வெளியே சிவப்பாகத் தெரிகிற அந்த வாய்தான் ஸ்டோமா. மலம் அதன் வழியாக வந்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் பையில் விழும். எனக்கு இது ஆயுசுக்கும். இருந்தாலும் மிஷின் மிதிக்கிறேன், பஸ் ஏறுகிறேன், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். புதிதாகப் பை வைத்தவர்கள் துணி தைக்க வருகிற சாக்கில் வந்து, கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டோமா வைத்தவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. பை நிறைந்தால் பதற்றமா, கழன்றுவிடுமோ என்ற பயமா, பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று தெரிந்தால்தான் நிம்மதியா, வாடை வருமோ, சத்தம் கேட்குமோ, ராத்திரி தூக்கம் உண்டா, வெளியூரில் ஒரு ராத்திரி தங்க முடியுமா, வீட்டாருக்குப் பாரமாக இருக்கிறோமோ என்றெல்லாம் போகும். எனக்கு அதில் கண்ணில் பட்டது, ஒழுகலும் வாடையும் சத்தமும் முதலில் வருகின்றன, தனிமையும் கூச்சமும் பின்னால் வருகின்றன என்பதுதான். நிஜத்திலும் அதே வரிசைதான். பையைத் தோலில் பிடித்து வைக்கிற பிளேட்டின் ஓரம் கசிய ஆரம்பித்தவள் பஸ்ஸை நிறுத்துவாள், அப்புறம் கோவிலை, அப்புறம் சொந்தக்காரர் வீட்டை. "மனசைத் தைரியமாக வைத்துக்கொள்" என்று பார்க்க வருகிற எல்லோரும் சொல்வார்கள். ஒழுகுகிற பையோடு யாருக்குத் தைரியம் வரும்? முதலில் பை சரியாக ஒட்டட்டும், மற்றதை அப்புறம் பேசலாம்.

இந்த ஒட்டும் பையே அப்படி ஒரு பயத்திலிருந்து வந்ததுதான். டென்மார்க்கில் எலிசே சோரென்சென் என்ற நர்ஸின் தங்கைக்கு இதே மாதிரி அறுவை நடந்தது. ஒழுகிவிடும் என்று பயந்து தங்கை வெளியே போவதையே விட்டுவிட்டாள். அதைப் பார்த்த அக்கா 1954-இல், தோலில் ஒட்டுகிற, உபயோகித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பையை யோசித்தார். கோலோபிளாஸ்ட் கம்பெனி பிறந்ததே அந்த யோசனையிலிருந்துதான்.

அறுவைக்கு இன்னும் நாள் இருக்கிறதா?

அப்படியானால் முதல் வேலை, ஸ்டோமா எங்கே வரப்போகிறது என்று வயிற்றில் அடையாளம் போடச் சொல்லிக் கேளுங்கள். சர்ஜனோ ஸ்டோமா நர்ஸோ பேனாவால் குறிப்பார்கள். படுத்த வாக்கில் மட்டும் பார்த்துக் குறிக்க விடாதீர்கள். உட்காருங்கள், நில்லுங்கள், குனியுங்கள். உட்கார்ந்தால் விழும் மடிப்பிலோ, தொப்புளுக்குப் பக்கத்திலோ, பழைய தழும்பின் மேலோ வந்தால் பிளேட் ஒட்டாது. உங்கள் கண்ணுக்கு அது தெரிய வேண்டும் என்பதும் முக்கியம். தொப்பைக்கு அடியில் மறைந்துவிட்டால் ஆயுசுக்கும் கண்ணாடி பிடித்துக்கொண்டுதான் பை மாற்ற வேண்டும். வீட்டில் கட்டுகிற பாவாடையைக் கட்டிக்கொண்டு போய், நாடா இறுகும் இடத்தைக் காட்டுங்கள். ஆண்கள் வேட்டி, பெல்ட் இறுகும் இடத்தைக் காட்டலாம். அவசர அறுவையில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது, அது வேறு கதை.

அளவு

தோலில் ஒட்டும் பகுதியைப் பிளேட் என்போம். பிளேட்டும் பையும் ஒன்றாகவே வந்தால் ஒன் பீஸ், பிளேட்டை ஒட்டிவிட்டுப் பையை மட்டும் கழற்றி மாட்டலாம் என்றால் டூ பீஸ். எதை வாங்கினாலும் பெரும்பாலும் நடுவில் ஓட்டையை நாமே வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். பெரும்பாலான ஒழுகலும் புண்ணும் இந்த வெட்டில்தான் ஆரம்பிக்கின்றன.

ரவிக்கையில் கைக்குழி வெட்டுவது மாதிரிதான். இறுக்கினால் அறுக்கும், தளர்த்தினால் தொங்கும். ஸ்டோமாவின் ஓரத்திலிருந்து சுற்றிலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதற்கு மேல் விட்டால் திறந்து கிடக்கும் தோலில் மலம் பட்டு வெந்துவிடும். ஒட்ட வெட்டினால் பிளேட்டின் விளிம்பு ஸ்டோமாவை அறுக்கும். ஸ்டோமாவில் வலி தெரிகிற நரம்பு கிடையாது, அதனால் அறுபடுவதுகூடத் தெரியாது. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

இதைவிட முக்கியமாக ஒன்று. அறுவை முடிந்ததும் ஸ்டோமா வீங்கியிருக்கும். 6 முதல் 8 வாரத்தில் படிப்படியாகச் சுருங்கும். ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த அளவையே வீட்டிலும் வெட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வாரமும் ஓட்டை பெரிதாகிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். "ஆஸ்பத்திரியில் இருந்தவரை நன்றாக இருந்தது, வீட்டுக்கு வந்ததும் ஒழுகுகிறது" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது அளந்தீர்கள் என்றுதான். அந்த இரண்டு மாதமும் வாரா வாரம் அளந்து பாருங்கள். என் ஸ்டோமா முழு வட்டம் இல்லை, கொஞ்சம் முட்டை வடிவம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் அச்சு வெட்டி, மேல் பக்கம் எது என்று அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். பிளேட்டின் பின்பக்கம் அதை வைத்து வரைந்து, வளைந்த சிறு கத்தரியால் வெட்டி, விளிம்பை விரலால் தடவிப் பிசிறு எடுத்துவிடுவேன். உடம்பு கூடினாலும் குறைந்தாலும் மறுபடி அளக்க வேண்டும்.

பை மாற்றுவது

காலையில் காபிகூடக் குடிக்காமல் மாற்றுங்கள். வெறும் வயிற்றில் ஸ்டோமா சும்மா இருக்கும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் பாதி வேலையில் வெளியே வந்துவிடும்.

எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிளேட், பை, மெல்லிய பருத்தித் துணி, வெதுவெதுப்பான தண்ணீர், குப்பைக்கு ஒரு கவர். பழைய பிளேட்டைப் பிய்த்து இழுக்கக்கூடாது. ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாக உரிக்க வேண்டும். உரித்ததும் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் பசை கரைந்து மலம் உள்ளே ஓடியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வயிற்றில் பள்ளம். அடுத்த முறை அங்கே ஸ்டோமா பேஸ்ட் கொஞ்சம் வைத்துப் பள்ளத்தை நிரப்பினால் போதும்.

வெறும் தண்ணீரால் துடையுங்கள். டெட்டால், ஸ்பிரிட், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம். துடைக்கும்போது துணியில் இரண்டு பொட்டு ரத்தம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வாயின் உட்சதை போல ஸ்டோமா மென்மையானது. பிறகு தோல் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தில் எந்தப் பசையும் ஒட்டாது. முடி இருந்தால் கத்தரித்துக்கொள்ளுங்கள். தோல் சிவந்து கசிந்தால் ஸ்டோமா பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு ஒட்டுங்கள். முகப் பவுடர், குழந்தைப் பவுடர் அந்த வேலைக்கு ஆகாது, வழுக்கிவிடும். பிளேட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்துச் சூடாக்கி ஒட்டினால் பசை நன்றாகப் பிடிக்கும். ஒட்டியபின் கையை மேலே வைத்து அழுத்தியபடி கொஞ்ச நேரம் படுத்திருங்கள். நான் அந்த நேரத்தில் பேப்பர் படிப்பேன்.

டூ பீஸ் பிளேட் பொதுவாக 3 முதல் 5 நாள் வரும் என்பார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே மிஷின் மிதித்தால், அவ்வளவு வராது. வியர்வைக்குத் தக்கபடி மாற்றுங்கள். அரிக்கிறது, எரிகிறது என்றால் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே கழற்றுங்கள், உள்ளே கசிகிறது என்று அர்த்தம். பை பெட்டியை வெயில் படும் அலமாரியிலோ காரிலோ வைக்காதீர்கள், பசை இளகிவிடும்.

எண்ணெய்க் குளியலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தலைக்கு வைக்கலாம், வயிற்றுக்கு மட்டும் வேண்டாம். மஞ்சளும் அப்படியே. எண்ணெய் பட்ட தோலில் பிளேட் நிற்காது. மற்றபடி பையோடும் குளிக்கலாம், கழற்றிவிட்டும் குளிக்கலாம். ஸ்டோமாவுக்குள் தண்ணீர் போய்விடாது.

நிறைவது, ஊதுவது, வாடை

பை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நிறையும்போதே காலி செய்யுங்கள். கனம் கூடினால் பிளேட்டை இழுத்துவிடும். நம் ஊர்த் தரைக் கழிப்பறையில் குந்த முடியாதவர்கள் ஒரு சிறு முக்காலியில் உட்கார்ந்து, இதற்கென்றே வைத்த மக்கில் காலி செய்து கொட்டலாம். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் முதலில் ஒரு துண்டுக் காகிதத்தைத் தண்ணீரில் போடுங்கள், தெறிக்காது. கழற்றிய பையைக் காலி செய்து, செய்தித்தாளில் சுற்றிக் கட்டித் தனிக் குப்பையாகக் கொடுங்கள். கழிப்பறைக்குள் தள்ளினால் அடைப்பெடுக்கிறவருக்குத்தான் தண்டனை.

காற்று நிறைந்து பை பலூனாக ஊதினால், டூ பீஸில் மேல் விளிம்பை லேசாக நெம்பிக் கழிப்பறையில் காற்றை விட்டுவிடலாம். கரி ஃபில்டர் வைத்த பையில் அதுவே வாடையில்லாமல் வெளியேறும், ஆனால் ஃபில்டர் நனைந்தால் வேலை செய்யாது. மொச்சை, கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், சோடா, கோலா எல்லாம் காற்றைக் கூட்டும். சாப்பிடும்போது பேச்சு, ஸ்ட்ரா, வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பது, இவையும்தான். முட்டை, மீன், கருவாடு, பூண்டு, வெங்காயம் வாடையைக் கூட்டும். மோர், தயிர் குறைக்கும் என்பார்கள், எனக்குக் குறைகிறது. இதற்காகக் கருவாட்டுக் குழம்பையே விட்டுவிட வேண்டுமா? நான் விடவில்லை. மறுநாள் வெளியே போகாத நாளில் வைக்கிறேன். வாடை என்பது பையைத் திறக்கும்போது வருவது. மூடிய பையோடு வாடை வந்தால் எங்கோ கசிகிறது, போய்ப் பாருங்கள்.

மலம் கீழே இறங்காமல் ஸ்டோமா வாயிலேயே அப்பி நின்றால், பைக்குள் சில சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பைக்குள் மட்டும்தான், தோலில் படக்கூடாது.

கொலாஸ்டமிக்காரர்களுக்குச் சாப்பாட்டுத் தடை பெரிதாக எதுவும் கிடையாது. மலச்சிக்கல் வராமல் தண்ணீர், கீரை, பழம் பார்த்துக்கொண்டால் சரி. இரும்புச் சத்து மாத்திரையில் கறுப்பாகவும், பீட்ரூட்டில் சிவப்பாகவும் வரும், பதறாதீர்கள். இடது பக்கக் கொலாஸ்டமி உள்ள சிலருக்கு, ஸ்டோமா வழியாக வெதுவெதுப்பான தண்ணீர் ஏற்றிக் குடலைக் கழுவும் முறையைச் சொல்லிக் கொடுப்பார்கள். பழகினால் ஒரு நாளோ இரண்டு நாளோ எதுவும் வராது, சின்ன மூடி மட்டும் போட்டுக்கொள்ளலாம். டாக்டர் சரி என்று சொல்லி, நர்ஸ் பக்கத்தில் நின்று கற்றுத்தந்த பிறகுதான் செய்ய வேண்டும்.

சிறுகுடல் என்றால் கணக்கே வேறு

வலது பக்கத்தில் சிறுகுடலை வெளியே வைத்திருந்தால் அது இலியாஸ்டமி. நான் மேலே சொன்ன தாராளம் அவர்களுக்குப் பொருந்தாது. வருவது நீராக இருக்கும், அதில் செரிமான நீரும் கலந்திருப்பதால் தோலில் பட்டால் சீக்கிரம் வெந்துவிடும். 1952-இல் பிரையன் புரூக் என்ற இங்கிலாந்து சர்ஜன், குடல் முனையை மடித்துக் குழாய் மூக்கு போல வெளியே நீட்டித் தைக்கும் முறையைச் சொன்னார். அது தோலைத் தொடாமல் பைக்குள் விழ வேண்டும் என்பதற்காகத்தான். அந்த மூக்கு தட்டையாகிவிட்டால் நர்ஸிடம் காட்டிக் குவிந்த பிளேட் கேளுங்கள்.

அவர்களுக்கு ஒரு நாளைக்கு 500 முதல் 800 மில்லி வரை வருவது வழக்கம். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பிலிருந்து உப்பும் நீரும் ஓடுகிறது. அப்போது வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் இன்னும் அதிகமாகத்தான் வெளியேறும். ஓஆர்எஸ் குடியுங்கள். பாக்கெட் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சிறுநீர் குறைந்து, தலை சுற்றி, கால் இழுத்துப் பிடித்தால் வீட்டில் உட்காராதீர்கள். சாதம், வாழைப்பழம், ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு கெட்டிப்படுத்தும். வாழைத்தண்டு, முருங்கைக்காய், சோளம், காளான், தேங்காய்ச் சில்லு, வேர்க்கடலை மாதிரி நார், சக்கை உள்ளவை அடைத்துக்கொள்ளலாம், முதல் வாரங்களில் தவிர்த்து, அப்புறம் நன்றாக மென்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பேதியாக வைக்கிற மாத்திரையைத் தொடவே கூடாது. மெதுவாகக் கரையும்படி பூச்சுப் போட்ட மாத்திரைகள் முழுசாகவே பையில் வந்து விழலாம், எந்த மருந்து எழுதினாலும் இலியாஸ்டமி என்று சொல்லிவிடுங்கள்.

துணிமணி

இது என் தொழில், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பாவாடை நாடாதான் நம் பெண்களுக்கு முதல் எதிரி. ஸ்டோமாவுக்கு மேலேயே ஓடிப் பையை இரண்டாகப் பிரித்துவிடும்; மலம் இறங்க வழியில்லாமல் மேலேயே தங்கிப் பிளேட்டைத் தூக்கும். நாடாவை எடுத்துவிட்டு, நாலு விரல் அகலத்துக்குப் பட்டி வைத்து, பக்கவாட்டில் கொக்கி போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பட்டியின் இடுப்புச் சுற்றளவை உட்கார்ந்த நிலையில் அளக்க வேண்டும், நின்று அளந்தால் மிஷினில் உட்காரும்போது இறுக்கும். ஸ்டோமா தாழ இருந்தால் தொப்புளுக்கு மேல் கட்டுங்கள். சேலைக் கொசுவத்தை வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் ஸ்டோமா பக்கம் தள்ளிச் செருகினால் பை இருப்பதே தெரியாது. மொடமொடவென்று நிற்கும் சேலைகூட மறைக்கும், வழவழவென்ற சிந்தெடிக்தான் காட்டிக்கொடுக்கும். சுடிதாருக்கு அகல எலாஸ்டிக், டாப்ஸில் கொஞ்சம் சுருக்கம். ஆண்களுக்கு வேட்டி முடிச்சை ஸ்டோமாவுக்கு எதிர்ப்பக்கம் ஒதுக்கி, அல்லது ஒட்டுகிற வேட்டி. பேண்ட் என்றால் பெல்ட்டுக்குப் பதில் தோளில் மாட்டும் பட்டை.

பைக்கு உறை தைத்துக்கொள்ளுங்கள். பழைய வாயில் சேலைத் துணி போதும், மேலே ஸ்டோமாவுக்கு ஒரு ஓட்டை, கீழே காலி செய்யத் திறப்பு. பிளாஸ்டிக் தோலில் உராயாது, வியர்க்குரு வராது, நடக்கும்போது சரசரவென்ற சத்தமும் போய்விடும். இரண்டு உறை இருந்தால் துவைத்து மாற்றிக்கொள்ளலாம்.

கனம் தூக்குவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றுச் சுவரில் ஓட்டை போட்டிருக்கிறார்கள், அதன் ஓரமாகக் குடல் பிதுங்கி ஹெர்னியா வரலாம். முதல் மாதங்களில் தண்ணீர்க் குடம், சிலிண்டர், அரிசி மூட்டை எதையும் தொடாதீர்கள். இருமலோ தும்மலோ வந்தால் கையால் ஸ்டோமாவைத் தாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் கேட்டு வயிற்றுப் பெல்ட் போடலாம்.

வெளியே போவது

ஒரு சின்னப் பை எப்போதும் தயாராக இருக்கட்டும். வெட்டி வைத்த பிளேட் ஒன்று, பை ஒன்று, துணி, தண்ணீர்ப் பாட்டில், குப்பைக் கவர், ஒரு மாற்று உள்பாவாடை. கத்தரியோடு பஸ் கழிப்பறையில் போராட முடியாது, அதனால் வெட்டியே வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் தினம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: ரயில்வே சலுகைப் பட்டியலில் ஆஸ்டமி நோயாளிகள், அதாவது நம்மைப் போல ஸ்டோமா வைத்தவர்கள், உண்டு, மாத, காலாண்டு சீசன் டிக்கெட்டில் பாதிக் கட்டணம். டாக்டர் சான்றிதழ் வேண்டும்.

கோவிலுக்குப் போகலாமா என்று என் மாமியாரே கேட்டார். "அத்தை, எல்லாரும் வயிற்றுக்குள்ளே வைத்துக்கொண்டுதானே சாமி கும்பிடுகிறார்கள், எனக்கு ஒரு அங்குலம் வெளியே இருக்கு, அவ்வளவுதானே" என்றேன். யோசித்துவிட்டு, சரி கிளம்பு என்றார். பழனிக்குப் படியேறாமல் விஞ்சில் போய் வந்தோம்.

யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம். வீட்டில் ஒருவருக்காவது பை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும், காய்ச்சலில் விழுந்தால் யார் மாற்றுவார்கள்? மற்றவர்களுக்கு "வயிற்றில் ஆபரேஷன்" என்றால் போதும்.

கணவன் மனைவி விஷயத்தை யாரும் கேட்கமாட்டார்கள், டாக்டர்களும் தாமாகச் சொல்லமாட்டார்கள். தையல் ஆறியபின் தடை எதுவும் இல்லை. முன்னதாகப் பையைக் காலி செய்து, உறை போட்டு, மடித்து ஒட்டிக்கொள்ளலாம். மலக்குடல் அறுவையில் நரம்பு பாதித்து ஆண்களுக்கு விறைப்புக் குறையலாம், பெண்களுக்கு வறட்சியும் வலியும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு, வாயைத் திறந்து கேட்க வேண்டும். ஸ்டோமாவை எந்தக் காரணத்துக்கும் அதற்குப் பயன்படுத்தக்கூடாது.

சிலருக்கு ஆசனவாயே இல்லாமல் போனபின்னும் மலம் வருகிற மாதிரி உணர்ச்சி வரும். எனக்கும் வருகிறது. ஆசனவாய் மிச்சம் இருக்கிறவர்களுக்கு அதன் வழியே சளி மாதிரி வரும். இரண்டும் சகஜம்.

எப்போது ஓட வேண்டும்

ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே ஆஸ்பத்திரி. ரத்தம் பொட்டாக இல்லாமல் ஓடினாலும், குடல் திடீரென்று நீளமாகப் பிதுங்கி வந்து உள்ளே போகாவிட்டாலும், வயிறு உப்பி வாந்தியோடு எதுவும் வராமல் நின்றாலும் அப்படியே. இலியாஸ்டமியில் சில மணி நேரம் ஒன்றுமே வராமல் வயிறு முறுக்கினால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

மற்ற சந்தேகங்களுக்கு ஸ்டோமா நர்ஸைத் தேடுங்கள். அந்த வேலையே ஒரு நோயாளியிடமிருந்து தொடங்கியது: 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில், நார்மா கில் என்ற பெண்ணை, தனக்கே இலியாஸ்டமி இருந்தவரை, மற்ற நோயாளிகளுக்குச் சொல்லித்தர அவருடைய சர்ஜனே வேலைக்கு வைத்துக்கொண்டார். மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது. பை கம்பெனிகளிடம் கேட்டால் மாதிரி அனுப்புவார்கள், வாங்குமுன் இரண்டு மூன்று வகையை ஒட்டிப் பாருங்கள். விலை அதிகமானது உங்கள் வயிற்றுக்குச் சரியானது என்று இல்லை. எனக்கு அறுவைக்குக் காப்பீட்டு அட்டை உதவியது, பைச் செலவு கையிலிருந்துதான். அதனால் டூ பீஸ் பையை நர்ஸிடம் கேட்டுக்கொண்டு அலசி மறுபடி மாட்டுகிறேன், பிளேட்டை மட்டும் ஒருபோதும் இல்லை.

பெட்டியில் ஐந்து பிளேட் மிச்சம் இருக்கும்போதே அடுத்த பெட்டிக்குச் சொல்லிவிடுங்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் கூரியர் தாமதமாகும், மருந்துக் கடையில் உங்கள் அளவு இருக்காது.